ஜூபிட்டர் விட்ஜெட்டில் எழுத்து அளவு மாறவே மாட்டேன்கிறது: ஸ்டைலில் கொடுப்பதா, சிஎஸ்எஸ் எழுதுவதா?

கயல்_தரவு

வணக்கம். ஜூபிட்டர்லேபில் (உலாவியில் பைத்தான் நோட்புக் எழுதும் கருவி) ஐபைவிட்ஜெட்ஸ் (பட்டன், ஸ்லைடர் போன்ற விட்ஜெட்டுகளை நோட்புக்கில் வைக்கும் பைத்தான் தொகுப்பு) வைத்து ஒரு சின்னக் கட்டுப்பாட்டுப் பலகை செய்திருக்கிறேன். ஒரு டிராப்டவுன், இரண்டு ஸ்லைடர், பெயர் எழுத ஒரு டெக்ஸ்ட் பெட்டி, கீழே 'கணக்கிடு' என்று ஒரு பட்டன். என் திரையில் பார்க்க எந்தக் குறையும் இல்லை. கூட்டத்தில் புரொஜெக்டரில் போட்டால் பின்வரிசைக்காரர்களுக்கு ஒன்றும் தெரிவதில்லை. எழுத்தைப் பெரிதாக்க வேண்டும், அவ்வளவுதான் தேவை.

முதலில் லேஅவுட்டில் ஃபான்ட் சைஸ் கொடுத்தேன், பலன் இல்லை. பிறகு ஸ்டைலில் கொடுத்தேன். பட்டன் எழுத்து உடனே பெரிதானது. அதே வரியை டிராப்டவுனுக்கும் ஸ்லைடருக்கும் எழுதினால் ஒரு மாற்றமும் இல்லை. பிழைச் செய்தியாவது வந்தால் எங்கே தவறு என்று தேடலாம், அதுவும் வரவில்லை. ஐபைவிட்ஜெட்ஸ் 8ஆம் பதிப்பு. பட்டனுக்கு வேலை செய்வது டிராப்டவுனுக்கு ஏன் வேலை செய்யவில்லை?

நோட்டுப்பொறி

லேஅவுட், ஸ்டைல் இரண்டும் வேறு வேறு பொருள்கள். அகலம், உயரம், ஓர இடைவெளி, விளிம்புக்கோடு, பெட்டிக்குள் எந்த வரிசையில் நிற்பது என்பதெல்லாம் லேஅவுட்டின் பொறுப்பு. எழுத்துருவுக்கு அங்கே இடமே கிடையாது.

ஸ்டைல் அப்படி எல்லா விட்ஜெட்டுக்கும் பொதுவான ஒன்று அல்ல. ஒவ்வொரு வகை விட்ஜெட்டுக்கும் தனி ஸ்டைல் வகுப்பு இருக்கிறது. அந்த வகுப்பில் எந்தப் பண்புகள் அறிவிக்கப்பட்டிருக்கின்றனவோ அவை மட்டுமே உலாவிக்குப் போகும். 2022 ஆகஸ்டில் வந்த 8ஆம் பதிப்பில் பட்டனுக்கும் லேபிளுக்கும் எழுத்துரு, அளவு, தடிமன், சாய்வு, எழுத்து நிறம், அடிக்கோடு எல்லாம் இருக்கின்றன. டெக்ஸ்ட் பெட்டிக்குப் பின்னணி, எழுத்து அளவு, எழுத்து நிறம் என்று மூன்று கிடைத்தன. ஸ்லைடருக்கு விளக்கச் சொல்லின் அகலமும் கைப்பிடியின் நிறமும்தான். டிராப்டவுனுக்கு விளக்கச் சொல்லின் அகலம் மட்டும். அதில் ஃபான்ட் சைஸ் என்ற பண்பே இல்லை.

பிழை வராததற்குக் காரணம் பைத்தானின் இயல்பு. ஒரு பொருளில் இல்லாத பண்புக்கு மதிப்பு கொடுத்தால் பைத்தான் அதைப் புதிதாக உண்டாக்கி வைத்துக்கொள்ளும். நீங்கள் எழுதிய அளவு பைத்தான் பக்கத்தில் பத்திரமாக இருக்கிறது, உலாவிப் பக்கம் அது போவதே இல்லை. விட்ஜெட்டை உருவாக்கும்போதே ஸ்டைலைப் பைத்தான் அகராதியாக (டிக்ட்) கொடுத்திருந்தாலும் அதிகம் போனால் ஒரு எச்சரிக்கை வரும், அதுவும் பலரின் கண்ணில் படாது.

எந்த விட்ஜெட்டில் கை வைக்கும் முன்பும் ஒரு செல்லில் அதன் ஸ்டைலின் 'கீஸ்' பண்பை அச்சிட்டுப் பாருங்கள். அடிக்கோட்டில் தொடங்கும் பெயர்களை விட்டுவிடுங்கள், மீதி இருப்பதுதான் உங்களால் மாற்ற முடிந்தவை. பட்டியலில் ஃபான்ட் சைஸ் இல்லையென்றால் ஸ்டைல் வழியை அத்தோடு விட்டுவிட்டு சிஎஸ்எஸ் (இணையப் பக்கத்தின் தோற்றத்தை விதிகளாக எழுதும் மொழி) பக்கம் வந்துவிடலாம்.

மாறன்_கே

கேள்வி கேட்டவங்களுக்கு ஒரு சின்ன யோசனை. புரொஜெக்டருக்குத்தான்னா உலாவியோட பெரிதாக்கும் வசதியே போதாதா? கன்ட்ரோலும் பிளஸ்ஸும் சேர்த்து அழுத்தினா முடிஞ்சுது. இதுக்கு எதுக்கு சிஎஸ்எஸ்?

கயல்_தரவு

அதையும் பார்த்தேன் மாறன். விட்ஜெட்டோடு சேர்ந்து கோப்புப் பட்டியல், மெனு, நிரல் எழுதும் செல் எல்லாமே பெரிதாகின்றன. வரைபடத்துக்கு இடம் போய்விடுகிறது. பலகை மட்டும் பெரிதாக வேண்டும்.

நோட்டுப்பொறி, கீஸ் அச்சிட்டுப் பார்த்தேன். நீங்கள் சொன்னபடியே டிராப்டவுனில் ஃபான்ட் சைஸ் இல்லை. சிஎஸ்எஸ் வழியைக் கொஞ்சம் விளக்க முடியுமா? எனக்கு சிஎஸ்எஸ் அரைகுறையாகத்தான் தெரியும்.

நோட்டுப்பொறி

இரண்டு வேலைகள் செய்ய வேண்டும். விட்ஜெட்டுக்கு 'ஆட் கிளாஸ்' என்ற செயலால் நாமே ஒரு கிளாஸ் பெயர் (சிஎஸ்எஸ் விதி அடையாளம் கண்டு பிடிக்கும் பெயர்ச்சீட்டு) வைப்பது ஒன்று. அந்தப் பெயரைச் சுட்டி ஒரு சிஎஸ்எஸ் விதி எழுதுவது இன்னொன்று. கிளாஸ் பெயரைத் தமிழிலேயே 'பெரிது' என்று வைக்கலாம், சிஎஸ்எஸ் அதை ஏற்கும்.

இதில் பலர் இடறும் இடம் எது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிளாஸ் போய் ஒட்டிக்கொள்வது விட்ஜெட்டின் வெளிக்கூட்டில். பட்டனுக்கு வெளிக்கூடும் பட்டனும் ஒன்றேதான், அதனால் விதி நேராகப் பிடிக்கும். டெக்ஸ்ட் பெட்டியிலும் டிராப்டவுனிலும் வெளிக்கூடு ஒரு டிவ் (மற்ற உறுப்புகளை அடக்கும் வெறும் பெட்டி); அதற்குள் லேபிள் ஒரு தனி உறுப்பு, இன்புட் அல்லது செலக்ட் ஒரு தனி உறுப்பு. டிவ்வுக்கு 20 பிக்சல் கொடுத்தால் உள்ளே இருப்பவை அதை வாங்கிக்கொள்ளாது, ஏனென்றால் ஐபைவிட்ஜெட்ஸின் சொந்த சிஎஸ்எஸ் அவற்றுக்கு ஏற்கெனவே தனி அளவு கொடுத்திருக்கிறது. எனவே 'பெரிது' என்ற கிளாஸுக்குள் இருக்கும் செலக்ட், 'பெரிது'க்குள் இருக்கும் இன்புட், 'பெரிது'க்குள் இருக்கும் லேபிள் என்று உள்ளே இறங்கிப் பெயர் சொல்லி எழுத வேண்டும்.

பட்டனிலும் ஒரு சிக்கல் உண்டு. உங்கள் விதியிலும் ஒரு கிளாஸ், மூல விதியிலும் ஒரு கிளாஸ் என்றால் இரண்டுக்கும் சம வலு. பக்கத்தில் பின்னால் வருவது எதுவோ அது வெல்லும். இன்று வேலை செய்து நாளை பக்கம் வேறு வரிசையில் ஏறினால் நின்றுபோகலாம். இரண்டு கிளாஸ்களைச் சேர்த்து எழுதினால், அதாவது 'ஜூபிட்டர்-பட்டன்' என்பதும் 'பெரிது' என்பதும் இடைவெளி இல்லாமல் ஒட்டி வரும்படி எழுதினால், எந்த வரிசையில் ஏறினாலும் உங்கள் விதிதான் நிற்கும். 'இம்பார்ட்டன்ட்' போடுவதைத் தவிர்க்கச் சொல்வேன். ஒரு இடத்தில் போட்டால் அதை மீற இன்னொரு இடத்திலும் போட வேண்டி வரும்.

ஆதிரை_நிரல்

நோட்டுப்பொறி சொன்னது எல்லாம் சரி. ஆனால் பலகை முழுதும் பெரிதாக வேண்டும் என்பவருக்கு இது சுற்றுவழி. ஒவ்வொரு உறுப்பையும் பெயர் சொல்லிப் பிடிக்கத் தேவையில்லை. ஐபைவிட்ஜெட்ஸ் தன் அளவுகளைச் சிஎஸ்எஸ் மாறிகளில்தான் வைத்திருக்கிறது. 'ஜேபி-விட்ஜெட்ஸ்-ஃபான்ட்-சைஸ்' என்று ஒரு மாறி, முன்னால் இரண்டு கோடு. பட்டன், லேபிள், இன்புட், செலக்ட் பெரும்பாலும் இந்த ஒன்றைப் பார்த்துத்தான் எழுத்தளவை எடுக்கின்றன. சிஎஸ்எஸ் மாறிகள் தாய் உறுப்பிலிருந்து பிள்ளைகளுக்கு இறங்கும். ஆகவே எல்லா விட்ஜெட்டையும் ஒரு விபாக்ஸில் (விட்ஜெட்டுகளை ஒன்றின் கீழ் ஒன்றாக அடுக்கும் பெட்டி) போட்டு, அந்த விபாக்ஸுக்கு மட்டும் 'பெரிது' கிளாஸ் கொடுத்து, அதில் மாறியை 20 பிக்சல் என்று மாற்றினால் உள்ளே இருப்பவை அத்தனையும் ஒரே வரியில் மாறும்.

கூடவே இன்னும் மூன்று மாறிகள் தெரிந்திருக்க வேண்டும். 'இன்லைன்-ஹைட்' என்பது விட்ஜெட்டின் உயரம், இயல்பாக 28 பிக்சல். 'இன்லைன்-லேபிள்-வித்' விளக்கச் சொல்லின் அகலம், 80 பிக்சல். 'இன்லைன்-வித்' மொத்த அகலம், 300 பிக்சல். எழுத்தை மட்டும் பெரிதாக்கி இவற்றை அப்படியே விட்டால் எழுத்து கூட்டுக்குள் அடங்காமல் வெட்டுப்படும்.

கயல்_தரவு

ஆதிரை, ஆச்சரியமாக இருக்கிறது. ஒரே விதியில் டிராப்டவுன், ஸ்லைடர், பட்டன் மூன்றும் பெரிதாகிவிட்டன. உயரத்தை 40 ஆக்கினேன், பட்டன் எழுத்து இப்போது முழுதாகத் தெரிகிறது.

ஒரு சந்தேகம். இதற்கு முன் இணையத்தில் எங்கோ பார்த்து 'ஜேபி-யுஐ-ஃபான்ட்-சைஸ்1' என்ற மாறியை இதே விபாக்ஸில் மாற்றிப் பார்த்திருந்தேன். விட்ஜெட் எழுத்து அளவு அதிலிருந்துதான் வருகிறது என்று எழுதியிருந்தார்கள். அது ஏன் பலிக்கவில்லை?

ஆதிரை_நிரல்

எழுதியிருந்தது உண்மைதான், விட்ஜெட் மாறி அந்த மாறியைத்தான் பார்க்கிறது. ஜூபிட்டர்லேபில் அதன் இயல்பு மதிப்பு 13 பிக்சல். ஆனால் 'விட்ஜெட் அளவு என்பது யுஐ அளவு' என்ற விதி எழுதப்பட்டிருப்பது பக்கத்தின் வேரில், அதாவது முழுப் பக்கத்தையும் அடக்கும் மேல் உறுப்பில். மதிப்பு அங்கேயே கணக்கிடப்பட்டுவிடுகிறது. கீழே இறங்கி வருவது அந்தக் கணக்கின் விடை, அதாவது 13. நடுவில் ஒரு விபாக்ஸில் யுஐ அளவை மாற்றினால் ஏற்கெனவே வந்த விடை திரும்பக் கணக்கிடப்படாது. வேரில் மாற்றினால் விட்ஜெட் பெரிதாகும், ஆனால் மெனு உள்பட ஜூபிட்டர்லேபே சேர்ந்து பெரிதாகும். உங்களுக்கு அது வேண்டாம். ஆகவே விபாக்ஸில் மாற்ற வேண்டியது விட்ஜெட் மாறியைத்தான்.

இளம்பரிதி_வகுப்பு

நல்ல இழை. நான் மாணவர்களுக்குத் தமிழ் லேபிள் வைத்து நோட்புக் செய்கிறேன். எனக்கு இருக்கும் தொல்லைகள் இரண்டு. 'வெப்பநிலை மாறும் வேகம்' என்று விளக்கம் கொடுத்தால் 'வெப்பநி' என்ற அளவில் நின்று மூன்று புள்ளி வருகிறது. எழுத்தைப் பெரிதாக்கினால் கூ, மூ, ழு போன்றவற்றின் கீழ்ப்பகுதி வெட்டுப்பட்டது போலத் தெரிகிறது. ஆங்கில லேபிளில் இப்படி வரவில்லை.

நோட்டுப்பொறி

முதலாவது எழுத்துருச் சிக்கலே அல்ல. ஆதிரை சொன்ன அந்த 80 பிக்சல் அகலம்தான் காரணம். ஸ்டைலில் 'டிஸ்கிரிப்ஷன் வித்' என்பதற்கு 'இனிஷியல்' என்று கொடுங்கள், விளக்கம் தனக்கு வேண்டிய இடத்தை எடுத்துக்கொள்ளும். இந்தப் பண்பு விளக்கச் சொல் உள்ள விட்ஜெட்டுகளில் பொதுவாக இருக்கும், டிராப்டவுனிலும் உண்டு. ஆனால் ஒன்றின் கீழ் ஒன்றாகப் பல ஸ்லைடர் அடுக்கினால் ஒவ்வொன்றும் வேறு இடத்தில் தொடங்கிக் கோணலாகத் தெரியும். அப்போது 'இனிஷியல்' வேண்டாம், எல்லாவற்றுக்கும் ஒரே அகலம், 220 பிக்சல் என்பது போல, கொடுத்துவிடுங்கள்.

இரண்டாவதற்குக் காரணம் வரி உயரம். லேபிளுக்கு வரி உயரமும் அந்த 28 பிக்சல் மாறியிலிருந்துதான் வருகிறது, கூட்டை மீறி வழியும் பகுதி மறைக்கப்படும் என்றும் விதி இருக்கிறது. ரோமன் எழுத்தில் அடிக்கோட்டுக்குக் கீழே இறங்குபவை சில, அவையும் அதிகம் இறங்குவதில்லை. தமிழில் உகர ஊகாரக் குறிகள் கீழே இறங்கும், இகர ஈகாரக் கொக்கிகளும் புள்ளியும் மேலே ஏறும். எழுத்தளவு 20 என்றால் உயரத்தை 28இல் விடாதீர்கள். எழுத்தளவைப் போல் இரண்டு மடங்கு உயரம் கொடுத்துத் தொடங்கி, கண்ணால் பார்த்துக் குறையுங்கள். தமிழுக்கு நான் அப்படித்தான் வைக்கிறேன்.

இளம்பரிதி_வகுப்பு

உயரத்தைக் கூட்டியதும் சரியாகிவிட்டது, மிக்க நன்றி. எழுத்துருவையும் மாற்ற முடியுமா? என் கணினியில் ஒரு மாதிரி, மாணவர்கள் கணினியில் வேறு மாதிரி தெரிகிறது.

தேன்மொழி_யு

அதற்கு நான் பதில் சொல்கிறேன், இணையப் பக்க வேலையில் தினமும் பார்ப்பது இது.

நோட்புக் கேட்கும் எழுத்துருவில் தமிழ் எழுத்துகள் இல்லையென்றால் உலாவி தன் கணினியில் உள்ள ஏதோ ஒரு தமிழ் எழுத்துருவை எடுத்துப் போடும். விண்டோஸில் நிர்மலா யுஐ அல்லது லதா வரலாம், மேக்கில் தமிழ் சங்கம் எம்என் வரலாம், லினக்ஸில் லோகித் அல்லது நோட்டோ வரலாம். ஒவ்வொன்றின் அகலமும் உயரமும் வேறு. உங்கள் கணினியில் அளவெடுத்து வெட்டிய பெட்டி அடுத்தவர் கணினியில் போதாமல் போவது இதனால்தான். 'நோட்டோ சான்ஸ் தமிழ்' என்று முதலில் எழுதி, அதன் பின் பொதுப் பெயராகச் 'சான்ஸ் செரிஃப்' கொடுங்கள். அந்த எழுத்துரு பார்ப்பவர் கணினியில் இருக்க வேண்டும், அல்லது சிஎஸ்எஸ்ஸிலேயே வலை எழுத்துருவாக ஏற்ற வேண்டும். பெயரை மட்டும் எழுதிவிட்டால் எழுத்துரு எங்கிருந்தோ வந்துவிடாது.

எழுத்துருவுக்கு ஐபைவிட்ஜெட்ஸில் தனி மாறி இல்லை. விபாக்ஸுக்கு எழுத்துரு கொடுத்தாலும் இன்புட், செலக்ட், பட்டன் மூன்றும் அதை ஏற்காமல் இருக்கலாம், ஏனென்றால் படிவ உறுப்புகளுக்கு உலாவிகள் இயல்பாகவே சொந்த எழுத்துருவைப் போடுகின்றன. 'பெரிது'க்குள் இருக்கும் இந்த மூன்றுக்கும் 'ஃபான்ட் ஃபேமிலி: இன்ஹெரிட்' என்று ஒரு விதி சேர்த்துவிடுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். முக்கியமான லேபிளைச் சாய்த்துக் காட்டாதீர்கள். தமிழ் எழுத்துருக்கள் பலவற்றில் சாய்வு வடிவம் கிடையாது. உலாவியே நேர் எழுத்தை இழுத்துச் சாய்த்துக் காட்டும், சிறிய அளவில் படிக்கக் கடினமாக இருக்கும். தடிமனைக் கூட்டுங்கள், அதுவே எடுப்பாகத் தெரியும்.

மாறன்_கே

இங்க சொன்னதை அப்படியே கோலேபில் (கூகுளோட இணைய நோட்புக்) செஞ்சேன். ஒரு செல்லில் எச்டிஎம்எல் ஆக ஸ்டைல் விதியைக் காட்டிட்டு, அடுத்த செல்லில் பலகையைக் காட்டினேன். பழைய அளவுலேயே நிக்குது. அதே செல்லில் போட்டா வேலை செய்யுது. எதனால?

நோட்டுப்பொறி

கோலேபில் ஒவ்வொரு செல்லின் வெளியீடும் தனித்தனி ஐஃபிரேமுக்குள் (பக்கத்துக்குள் பதிக்கப்பட்ட இன்னொரு தனிப் பக்கம்) இருக்கிறது. ஒரு ஐஃபிரேமில் எழுதிய சிஎஸ்எஸ் பக்கத்து ஐஃபிரேமை எட்டாது. ஜூபிட்டர்லேபில் நேர் எதிர்: எல்லா வெளியீடும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன, ஏன், திறந்திருக்கும் மற்ற நோட்புக்குகளும் அதே பக்கத்தில்தான் இருக்கின்றன. விஎஸ் கோட் இரண்டுக்கும் நடுவில்: ஒரு நோட்புக்கின் வெளியீடுகள் ஒரே சட்டத்துக்குள் இருக்கும்.

கோலேபில் இரண்டு வழிகள் உண்டு. ஐபைத்தானில் செல் ஓடும் முன் நடக்கும் நிகழ்வு ஒன்று இருக்கிறது, 'பிரீ ரன் செல்' என்று பெயர். ஸ்டைலைக் காட்டும் ஒரு செயற்கூற்றை அதில் பதிவு செய்தால் ஒவ்வொரு செல்லுக்கும் ஸ்டைல் தானாகப் போய்ச் சேரும். பலரும் பயன்படுத்துவது இதைத்தான்.

எனக்குப் பிடித்தது இரண்டாவது வழி. விட்ஜெட்டுகளிலேயே எச்டிஎம்எல் என்று ஒன்று உண்டு அல்லவா? அதன் மதிப்பாக ஸ்டைல் விதியை எழுதி, அந்த விட்ஜெட்டையே விபாக்ஸின் முதல் பிள்ளையாக வைத்துவிடுங்கள். பலகை எங்கே போனாலும் ஸ்டைலும் கூடவே போகும். இப்படி:

பாணி = எச்டிஎம்எல்(பெரிது என்ற கிளாஸுக்கான ஸ்டைல் விதி)
பலகை = விபாக்ஸ்([பாணி, பட்டியல், வேகம், பெயர், கணக்கிடு])
பலகை.ஆட்_கிளாஸ்('பெரிது')

கோலேபில் ஓடும், ஜூபிட்டர்லேபில் ஓடும், நோட்புக்கைச் செயலியாகக் காட்டும் வொய்லாவில் போட்டாலும் ஓடும். ஸ்டைல் செல்லை ஓட்ட மறந்துவிட்டேன், வெளியீட்டை அழித்ததும் அளவு போய்விட்டது என்ற கதையே இல்லை. ஒரு பலகையின் தோற்றம் அந்தப் பலகைக்குள்ளேயே இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

மாறன், உங்கள் கோலேபில் ஐபைவிட்ஜெட்ஸ் எந்தப் பதிப்பு என்றும் அச்சிட்டுப் பாருங்கள். 7 என்று வந்தால் பட்டன் ஸ்டைலில் பின்னணி நிறமும் எழுத்துத் தடிமனும் மட்டுமே இருக்கும். அங்கே பட்டனுக்குக்கூட அளவை சிஎஸ்எஸ்ஸில்தான் மாற்ற முடியும்.

மாறன்_கே

7தான் காட்டுது. எச்டிஎம்எல்லை விபாக்ஸுக்குள்ள வெச்சதும் வேலை செய்யுது. ரொம்ப நன்றிங்க.

ஆதிரை_நிரல்

இந்த இடத்தில் மட்டும் நோட்டுப்பொறியோடு உடன்பட முடியவில்லை. ஒரு நோட்புக் என்றால் சரி. ஒரு குழுவில் இருபது முப்பது நோட்புக்குகள் இருக்கும்போது ஒவ்வொன்றிலும் ஸ்டைல் துண்டை ஒட்டி வைத்தால், நாளை அளவை மாற்ற வேண்டும் என்றால் அத்தனையையும் திறக்க வேண்டும். ஜூபிட்டரின் அமைப்பு அடைவில் 'கஸ்டம்' என்ற அடைவுக்குள் 'கஸ்டம்.சிஎஸ்எஸ்' என்று ஒரு கோப்பு வைத்தால் போதும். ஜூபிட்டர் நோட்புக் செயலியின் 7ஆம் பதிப்பு அதைத் தானாகவே படிக்கும். ஜூபிட்டர்லேபைத் தொடங்கும்போது 'கஸ்டம் சிஎஸ்எஸ்' என்ற தெரிவைச் சேர்த்துத் தொடங்க வேண்டும். நோட்புக்கில் தோற்றம் பற்றி ஒரு வரிகூட இருக்காது, கணக்கு மட்டும் இருக்கும்.

நோட்டுப்பொறி

உங்கள் சொந்தக் கணினிக்கோ, குழுவுக்கென்று ஒரே சர்வர் இருந்தாலோ அது நல்ல வழிதான். ஆனால் அந்தக் கோப்பு நோட்புக்கோடு பயணம் செய்யாது. கயல் தன் நோட்புக்கை இன்னொருவருக்கு மின்னஞ்சலில் அனுப்பினால் அங்கே எழுத்து மறுபடி 13 பிக்சல். உயரமும் அகலமும் மட்டும் பைத்தானில் பெரிதாகக் கொடுத்திருந்தால் பெரிய பெட்டிக்குள் குட்டி எழுத்து நிற்கும்.

நோட்புக்குகள் அதிகம் என்றால் ஸ்டைல் துண்டை ஒரு பைத்தான் கோப்பில் வைத்து, 'பலகை செய்' என்று ஒரு செயற்கூறு எழுதி, எல்லா நோட்புக்கிலும் அதை இம்போர்ட் செய்யுங்கள். மாற்றம் ஒரே இடத்தில் இருக்கும், தோற்றமும் நிரலோடு சேர்ந்தே போகும்.

ஆதிரை_நிரல்

அந்த இம்போர்ட் யோசனை எனக்கும் ஏற்புடையது. பதிப்புக் கட்டுப்பாட்டிலும் இருக்கும். கஸ்டம் கோப்பை என் சொந்த விருப்பங்களுக்கு மட்டும் வைத்துக்கொள்கிறேன்.

ஒரு எச்சரிக்கையை மட்டும் சேர்க்கிறேன். ஜூபிட்டர்லேபில் எல்லா நோட்புக்கும் ஒரே பக்கம் என்று சொன்னீர்கள் அல்லவா? அதனால் 'விட்ஜெட்-லேபிள்' என்ற பொதுக் கிளாஸையோ வெறும் 'செலக்ட்' என்பதையோ சுட்டி விதி எழுதாதீர்கள். பக்கத்துத் தாவலில் திறந்திருக்கும், யாருக்கும் தொடர்பில்லாத நோட்புக்கின் லேபிளும் பெரிதாகிவிடும். வெறும் 'செலக்ட்' என்றால் செல்லின் வகையை மாற்றும் மேல்பட்டைப் பட்டியலும் மாட்டிக்கொள்ளும். ஒவ்வொரு விதியும் நம் கிளாஸ் பெயரோடுதான் தொடங்க வேண்டும். 'விட்ஜெட்' என்று தொடங்கும் பழைய கிளாஸ் பெயர்கள் 8ஆம் பதிப்பில் கைவிடப்படப் போகும் பெயர்களாகக் குறிக்கப்பட்டு, 'ஜூபிட்டர்-விட்ஜெட்' என்று தொடங்கும் புதியவை வந்திருக்கின்றன. புதிதாக எழுதுபவர்கள் 8இல் ஓடும் நோட்புக்குக்குப் புதிய பெயரையே எழுதுங்கள்.

இளம்பரிதி_வகுப்பு

விளக்கச் சொல்லுக்குள்ளேயே எச்டிஎம்எல் எழுதித் தடிமனாக்கும் வழக்கம் எனக்கு இருந்தது. 8க்கு மாறியதும் குறிகளெல்லாம் அப்படியே எழுத்தாகத் தெரிகின்றன. இதற்கு வழி உண்டா?

நோட்டுப்பொறி

8இல் விளக்கத்தை வெறும் உரையாகவே எடுக்கும்படி மாற்றினார்கள், அதற்குப் பாதுகாப்புக் காரணம் உண்டு. விளக்கம் வெளியிலிருந்து வரும் தரவாகவும் இருக்கலாம். ஒரு கோப்பின் நெடுவரிசைப் பெயரை அப்படியே லேபிளாக வைப்பவர்கள் நிறைய. அதில் யாராவது எச்டிஎம்எல் நுழைத்திருந்தால் பழைய பதிப்பில் அது அப்படியே பக்கத்துக்குள் போய்விடும். 'டிஸ்கிரிப்ஷன் அலவ் எச்டிஎம்எல்' என்பதை உண்மை என்று கொடுத்தால் மறுபடி எச்டிஎம்எல் ஏற்கும். நீங்களே கையால் எழுதிய விளக்கங்களுக்கு மட்டும் அதைத் திறந்து விடுங்கள். தடிமன் மட்டும்தான் வேண்டும் என்றால் 'பெரிது'க்குள் இருக்கும் லேபிளுக்கு எழுத்துத் தடிமன் 600 என்று ஒரு சிஎஸ்எஸ் விதி போதும், இதைத் திறக்கவே வேண்டாம்.

தேன்மொழி_யு

நிறத்தைப் பற்றி யாரும் பேசவில்லை, அதனால் எழுதுகிறேன். ஸ்டைலில் எழுத்து நிறம் 'கறுப்பு' என்று எழுதிவிட்டு அனுப்புகிறார்கள். இருண்ட தீம் வைத்திருப்பவருக்குக் கரும் பின்னணியில் கறுப்பு எழுத்து. சொல்லப்போனால் அந்த லேபிள் இருக்கிறது என்பதே அவருக்குத் தெரியாது. நிறத்தை நேராக எழுதாமல் ஜூபிட்டர்லேபின் 'ஜேபி-யுஐ-ஃபான்ட்-கலர்1' மாறியைச் சுட்டுங்கள், தீம் மாறினால் நிறமும் தானே மாறும். சொந்த நிறம் வைத்தே ஆக வேண்டும் என்றால் பின்னணியையும் சேர்த்து வையுங்கள், இரண்டில் ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள். சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே மாறுபாடு குறைந்தது 4.5க்கு 1 இருக்க வேண்டும் என்று இணைய அணுகல் வழிகாட்டி சொல்கிறது. உலாவியின் ஆய்வுக் கருவியில் நிறத்தைச் சொடுக்கினாலே இந்த விகிதம் தெரியும்.

பார்வை குறைந்தவர்கள் உலாவியில் இயல்பு எழுத்தளவைக் கூட்டி வைத்திருப்பார்கள். பிக்சலில் எழுதினால் அந்த அமைப்பை நாம் மதிக்காமல் போகிறோம். 'ரெம்' அலகில், அதாவது பக்க வேரின் எழுத்தளவின் மடங்காக, எழுதினால் அவர்கள் விருப்பத்தையும் சேர்த்து அளவு வளரும். உயரத்தையும் அதே அலகில் எழுதுங்கள், இல்லாவிட்டால் எழுத்து வளரும், பெட்டி வளராது.

கயல்_தரவு

தேன்மொழி, எங்கள் குழுவிலும் இருண்ட தீம் வைத்திருப்பவர்கள் உண்டு. உடனே மாற்றிவிட்டேன்.

இன்னும் இரண்டு சிறு கேள்விகள். என் நோட்புக் ஒன்றில் 'இன்டராக்ட்' தானாகவே ஸ்லைடர் உண்டாக்குகிறது. அதில் விபாக்ஸை நான் எழுதவே இல்லையே, கிளாஸை எங்கே ஒட்டுவது? பலகைக்குக் கீழே வரும் மேட்பிளாட்லிப் வரைபடத்தின் எழுத்து இத்தனைக்குப் பிறகும் சிறிதாகவே இருக்கிறது, அதற்கும் சிஎஸ்எஸ் எழுத வேண்டுமா?

நோட்டுப்பொறி

'இன்டராக்ட்'டுக்குப் பதில் 'இன்டராக்டிவ்' பயன்படுத்துங்கள். அது திருப்பித் தரும் பொருளே ஒரு விபாக்ஸ்தான். நேராக அதற்கு ஆட் கிளாஸ் செய்யலாம். ஸ்லைடர்களைத் தனித்தனியே தொட வேண்டுமானால் அதன் 'சில்ட்ரன்' பட்டியலில் இருக்கின்றன, கடைசியில் இருப்பது மட்டும் வெளியீட்டுப் பகுதி.

வரைபடம் உலாவிக்கு வருவதற்குள் படமாகிவிடுகிறது, அதில் இருக்கும் எழுத்தை சிஎஸ்எஸ் தொட முடியாது. மேட்பிளாட்லிப்பின் 'ஆர்சி பாராம்ஸ்'இல் 'ஃபான்ட்.சைஸ்' இயல்பாக 10 இருக்கும், அதை 16 என்று மாற்றிவிட்டு வரையுங்கள்.

கயல்_தரவு

இரண்டும் சரியாகிவிட்டன. கடைசியாக ஒன்று மட்டும் பிடிபடவில்லை. டிராப்டவுன் மூடியிருக்கும்போது எழுத்து பெரிது. அதைத் திறந்தால் கீழே விழும் பட்டியலில் எழுத்து பழையபடி சிறிது. சக ஊழியர் ஒருவரின் கணினியில் அதுவும் பெரிதாகவே தெரிகிறது.

ஆதிரை_நிரல்

திறந்து விழும் பட்டியலை வரைவது உலாவியும் இயங்குதளமும். அந்த இடத்தில் பக்கத்தின் சிஎஸ்எஸ் எவ்வளவு தூரம் செல்லும் என்பது கணினிக்குக் கணினி மாறும். எல்லோருக்கும் ஒரே மாதிரி தெரிய வேண்டுமானால் டிராப்டவுனை விட்டுவிடுங்கள். தெரிவுகள் நாலைந்துதான் என்றால் 'டாகிள்பட்டன்ஸ்' வையுங்கள், எல்லாத் தெரிவும் எப்போதும் கண்முன் இருப்பதால் புரொஜெக்டருக்கும் அது நல்லது. அதிகம் என்றால் 'செலக்ட்' விட்ஜெட். அதன் பட்டியல் திறந்தபடியே பக்கத்துக்குள் இருக்கும், 'பெரிது' கிளாஸில் மாற்றிய மாறியையும் ஏற்கும்.

கயல்_தரவு

தெரிவுகள் நான்குதான். டாகிள்பட்டன்ஸுக்கு மாற்றிவிட்டேன், ஸ்டைலில் பட்டன் அகலத்தை 160 பிக்சல் கொடுத்ததும் தமிழ்ச் சொற்கள் முழுதாக அடங்கின. இப்போது ஸ்டைல் துண்டு முழுவதும் ஒரு பைத்தான் கோப்பில் இருக்கிறது, இரண்டு நோட்புக்குகளும் அதை இம்போர்ட் செய்கின்றன. பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. இழையைத் தீர்ந்ததாகக் குறிக்கிறேன்.